தையற்கடையிலிருந்து ஜனாதிபதி ஆசனம் வரை

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோரும் மாலை வகுப்புப் பிள்ளைகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

ஆபிரகாம் லிங்கனின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். மரக்குடிசையில் பிறந்தவர், அடிமை முறையை ஒழிக்க வழி திறந்தவர், துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் லிங்கன் செத்த பிறகு அந்த ஆசனத்தில் யார் உட்கார்ந்தார்? அவர் என்ன செய்தார்? இதைக் கேட்டால் பெரியவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவர் பெயர் அன்ட்ரூ ஜோன்சன். அமெரிக்காவின் பதினேழாவது ஜனாதிபதி. லிங்கனை விடவும் ஏழ்மையில் பிறந்தவர் என்றுகூடச் சொல்லலாம். ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஊசியும் நூலும் பிடித்துச் சோறு தின்றவர். இப்படிப்பட்ட ஒருவர் நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்தால் ஏழைகளுக்கெல்லாம் விடிவு வந்துவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? அந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்றைக்கு நாம் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.

முறி எழுதிக் கொடுக்கப்பட்ட பையன்

1808ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி, வட கரோலினா மாநிலத்தில் ராலி என்ற ஊரில் ஜோன்சன் பிறந்தார். தகப்பன் ஜேக்கப் ஒரு சத்திரத்தில் எடுபிடி வேலை செய்தவர். தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றிய பிறகு உடம்பு கெட்டு 1812இல் இறந்துபோனார். அப்போது பையனுக்கு மூன்று வயது. தாய் மேரி ஊர்க்காரர்களின் துணி துவைத்தும் நெய்தும் பிள்ளைகளை வளர்த்தாள்.

வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. பத்து வயதளவில் பையனை செல்பி என்ற தையற்காரரிடம் தொழில் பழக விட்டார்கள். விட்டார்கள் என்றால் சும்மா விடவில்லை. முறி எழுதிக் கொடுத்துத்தான் விட்டார்கள். இருபத்தொரு வயது வரும்வரை அந்தப் பையன் அங்கேயே வேலை செய்ய வேண்டும். சோறும் துணியும் உண்டு. விலகிப் போக உரிமை கிடையாது. அண்ணன் வில்லியமும் அதே கடையில் அதே நிலைமையில்தான் இருந்தான்.

அந்தக் கடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தையற்காரர்கள் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது, படித்தவர்கள் சிலர் வந்து பெரிய மனிதர்களின் சொற்பொழிவுகளை உரத்து வாசித்துக் காட்டுவார்கள். கை தைக்கும், காது கேட்கும். அந்தக் காது வழியாகத்தான் எழுத்தில் ஆசை பிறந்து, பையன் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கப் பழகினான்.

1824இல் அண்ணனும் தம்பியும் ஓடிவிட்டார்கள். செல்பி என்ன செய்தார் தெரியுமா? பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பத்து டொலர் வெகுமதி என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார். அந்தக் காலத்தில் ஓடிப்போன அடிமைகளுக்கும் இப்படித்தான் விளம்பரம் வரும். பின்னாளில் ஜனாதிபதியாகப் போகிறவர் அன்றைக்கு விலை குறிக்கப்பட்ட ஓர் ஓட்டக்காரப் பையன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

மனைவி தந்த கல்வி

திரும்பி வந்து செல்பியிடம் சமாதானம் பேசிப் பார்த்தான். நடக்கவில்லை. சொந்த மாநிலத்தில் நிம்மதியாக ஒரு கோட்டுத் தைக்க முடியாத நிலை. 1826இல் தாயையும் அழைத்துக்கொண்டு மலைகளைத் தாண்டி டென்னசி மாநிலத்து கிரீன்வில் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தான். அங்கே சிறியதாக ஒரு தையற்கடை போட்டான்.

1827இல் எலைசா மெக்கார்டில் என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தார். மாப்பிள்ளைக்குப் பதினெட்டு வயது, பெண்ணுக்குப் பதினாறு. எலைசா ஒரு செருப்புத் தொழிலாளியின் மகள். ஆனால் படித்தவள். கணவனுக்கு எழுதவும் கணக்குப் பார்க்கவும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவர் தைப்பார், அவள் பக்கத்தில் இருந்து வாசிப்பாள். தாய்மார்களே, ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கு எழுத்தறிவித்தது பள்ளிக்கூடம் இல்லை, வீட்டுக்காரி. நம் வீடுகளிலும் படித்த மகள், படித்த மருமகள் இருக்கிறாள் அல்லவா? அவளை அடுப்போடு மட்டும் நிறுத்திவைக்கிறோமா என்று ஒரு தடவை யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஜோன்சனின் தையல் நல்ல தையல். பேச்சும் நல்ல பேச்சு. கடைக்கு வருகிறவர்கள் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்து அரசியல் பேசிவிட்டுப் போவார்கள். 1829இல் நகர சபை உறுப்பினர். 1834இல் மேயர். 1835இல் மாநில சபை உறுப்பினர். 1843 முதல் பத்து வருடம் வொஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1853இல் டென்னசியின் ஆளுநர். 1857இல் செனட்டர். படிப்படியாக ஏறினார். ஒரு படியையும் யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

பெரிய தோட்ட முதலாளிமாரை அவருக்கு ஆகவே ஆகாது. உழைக்கிறவனை அற்பமாகப் பார்க்கிறார்கள் என்று மேடைக்கு மேடை சாடுவார். தன்னைத் தையற்காரன் என்று யாராவது ஏளனம் செய்தால், ஆமாம், நான் தைத்த கோட்டில் ஒரு குறை சொல்லுங்கள் பார்ப்போம் என்கிற மாதிரிப் பதில் கொடுப்பார். ஆளுநராக இருந்தபோது பொதுப் பாடசாலைகளுக்காக மாநில வரி போட வைத்தார்.

அவருடைய பெரிய கனவு காணி. நிலமில்லாத குடும்பத்துக்கு அரசாங்கம் 160 ஏக்கர் கொடுக்க வேண்டும், அதில் குடியிருந்து பாடுபடுகிறவனுக்கே அது சொந்தமாக வேண்டும் என்று 1846இல் மசோதா கொண்டுவந்தார். பதினாறு வருடம் மற்றவர்களோடு சேர்ந்து விடாமல் போராடினார். கடைசியில் 1862இல் லிங்கன் கையெழுத்துப் போட்டு அது சட்டமானது.

இவ்வளவும் கேட்கும்போது நம் ஆள் என்றுதான் தோன்றுகிறது. தோன்றட்டும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இதே ஜோன்சன் கையில் காசு சேர்ந்ததும் அடிமைகளை விலைக்கு வாங்கினார். டோலி என்ற இளம் பெண்ணையும், அவளுடைய சகோதரன் சாமையும் வாங்கினார். முதலாளிமாரை எதிர்த்த வாய் அடிமை முறையை எதிர்க்கவில்லை. ஏழை என்று அவர் சொன்னபோதெல்லாம் வெள்ளைக்கார ஏழை என்றுதான் அர்த்தம்.

போர் தந்த பதவி

1860இல் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானார். அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து போயின. 1861இல் டென்னசியும் பிரிந்தது. பிரிந்த மாநிலங்களின் செனட்டர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் ஆசனத்தை விட்டு அசையவில்லை. அவர்தான் ஜோன்சன். சொந்த மாநிலத்தில் அவரைத் துரோகி என்றார்கள், உருவ பொம்மை கட்டித் தூக்கில் போட்டார்கள். உயிருக்கு ஆபத்து வந்தும் அவர் மாறவில்லை. அந்தத் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது.

1862இல் லிங்கன் அவரை டென்னசியின் இராணுவ ஆளுநராக நியமித்தார். 1863 ஆகஸ்டில் தன் வீட்டு அடிமைகளை ஜோன்சன் விடுதலை செய்தார். அதன் நினைவாக ஆகஸ்ட் 8ஆம் திகதியை டென்னசியின் கறுப்பின மக்கள் விடுதலை நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். 1864 ஒக்டோபரில் நாஷ்வில் நகரத்தில் கூடிய கறுப்பின மக்களைப் பார்த்து, உங்களை விடுதலைக்கு வழிநடத்தும் மோசேயாக நானே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

அந்த வருடத் தேர்தலில் லிங்கனோடு உப ஜனாதிபதியாகத் தெரிவானார். 1865 மார்ச் 4ஆம் திகதி பதவியேற்பு. உடம்புக்கு முடியாமல் இருந்தவர் தெம்புக்கென்று விஸ்கி குடித்துவிட்டு வந்து சபையில் உளறிக் கொட்டினார். நாடே தலைகுனிந்தது. அதற்கு ஆறு கிழமை கழித்து, ஏப்ரல் 14ஆம் திகதி இரவு லிங்கன் சுடப்பட்டார். ஜோன்சனைக் கொல்லவும் ஓர் ஆள் ஏவப்பட்டிருந்தான், ஆனால் அவனுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை லிங்கன் இறந்தார். தையற்காரர் ஜனாதிபதியானார்.

நாற்பது ஏக்கர் காணி

இப்போதுதான் கதையின் முக்கியமான கட்டம். போர் முடிந்தது. ஏறக்குறைய 40 இலட்சம் மக்கள் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்தார்கள். கையில் காசில்லை. தலைக்கு மேல் சொந்தக் கூரையில்லை. பரம்பரை பரம்பரையாகப் பருத்தியும் நெல்லும் விளைவித்த மண்ணில் ஒரு பிடிகூட அவர்களுடையதில்லை.

அவர்களுக்கு என்ன வேண்டும்? இதை 1865 ஜனவரியில், ஜோர்ஜியா மாநிலத்து சவானா நகரத்தில், ஷேர்மன் என்ற தளபதி இருபது கறுப்பினப் போதகர்களைக் கூப்பிட்டு நேரிலேயே கேட்டார். அவர்களுக்காகப் பேசிய கரிசன் பிரேசியர் என்ற முதியவர் தெளிவாகச் சொன்னார்: எங்களுக்குக் காணி வேண்டும், அதை எங்கள் உழைப்பால் பண்படுத்தி எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

நாலு நாளில் ஷேர்மன் கட்டளை போட்டார். முதலாளிமார் விட்டுவிட்டு ஓடிய கரையோரக் காணியையும் தீவுகளையும் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மேற்படாமல் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். பயிர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். விடுதலையான மக்களின் நலன் பார்க்க அரசாங்கம் ஒரு பணியகத்தையும் அமைத்தது. அதன் தலைவர் ஹவார்ட் என்ற தளபதி, போரில் வலக் கையை இழந்தவர்.

ஜோன்சன் வந்தார். 1865 மே மாதம் தென் மாநிலத்தவர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். 20,000 டொலருக்கு மேல் சொத்துள்ள பெரிய முதலாளிமாருக்கு மட்டும் அது பொருந்தாது, அவர்கள் தனித்தனியாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். பழைய கோபத்தைத் தீர்க்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. தன்னை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்த அதே பெரிய மனிதர்கள் வாசலில் வரிசையாக நின்று பணிந்து கேட்டதும், ஆயிரக்கணக்கில் மன்னிப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மன்னிப்போடு சொத்தும் திரும்பக் கிடைக்கும். சொத்தென்றால் காணி. அந்தக் காணியில்தான் அந்த மக்கள் குடியிருந்தார்கள்.

1865 ஒக்டோபரில், தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்கு ஹவார்ட் அனுப்பப்பட்டார். காணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே அந்த மக்களுக்குச் சொல்ல வேண்டும். கோயில் நிறையக் கூட்டம். சொல்ல வந்தவருக்கு வாய் வரவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் துக்கமான பாட்டு ஒன்றை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். தளபதியின் கண் கலங்கியது.

அழுதுவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு குழு அமைத்தார்கள். ஹவார்டுக்கு ஒரு கடிதம், ஜனாதிபதிக்கு ஒரு மனு என்று எழுதினார்கள். ஹென்றி பிராம், இஷ்மேல் மூல்ட்ரி, யேட்ஸ் சாம்சன் என்று மூவர் கையெழுத்துப் போட்டார்கள். ஹவார்டுக்கு எழுதியதில் அவர்கள் சொன்னதன் சாரம் இது: முதலாளியை மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரில் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். எங்களை மரத்தில் கட்டி அடித்தவனை, தாயையும் சகோதரியையும் அடித்தவனை, அவன் சொன்ன வேலையை அவன் வைத்த விலைக்குச் செய்தாலொழியத் தன் வெறுங் குடிசையில்கூட இருக்க விடாதவனை நாங்கள் எப்படி மன்னிப்பது?

குடிசை அவனுடையது, ஆகவே கூலியும் அவன் வைத்ததுதான். வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தால் பேரம் பேச வாய் வராது என்பதை அந்த மக்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

மனுவுக்குப் பலன் கிடைக்கவில்லை. மிகப் பெரும்பாலானவர்களின் காணி பறிபோனது. வெள்ளைக்கார ஏழைக்கு 160 ஏக்கர் கேட்டுப் பதினாறு வருடம் போராடிய மனிதர், கறுப்பின ஏழையின் நாற்பது ஏக்கரைப் பிடுங்கிக் கொடுத்தார்.

மறுபடியும் முறி

காணி போனதோடு முடியவில்லை. ஜோன்சன் இடம் கொடுத்ததும் தென் மாநிலங்களில் பழைய ஆட்கள் பதவிக்கு வந்து புதுச் சட்டங்கள் எழுதினார்கள். மிசிசிப்பி மாநிலம் 1865 நவம்பரில் எழுதிய சட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் தனக்கு வேலையும் இருப்பிடமும் உண்டு என்று எழுத்தில் காட்ட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போனால் அதுவரை உழைத்த சம்பளம் போச்சு, பிடித்தும் கொண்டுவரலாம். பட்டணத்துக்கு வெளியே காணி குத்தகைக்கு எடுக்கக் கூடாது. வேலையில்லாமல் திரிந்தால் தண்டம். தண்டம் கட்ட முடியாவிட்டால், யார் கட்டுகிறாரோ அவரிடம் உழைத்துத் தீர்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும், பெற்றோரால் பராமரிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லும் பிள்ளைகளையும் முறி எழுதித் தொழில் பழக விடலாம். அதிலும் பழைய எஜமானுக்கே முன்னுரிமை. ஓடிப்போனால் பிடித்துக் கொண்டுவரலாம்.

இந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். முறியால் கட்டப்பட்டு, பொறுக்க முடியாமல் ஓடி, பத்து டொலர் விலை குறிக்கப்பட்ட அந்தப் பையன் இப்போது நாட்டின் ஜனாதிபதி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அதே முறி கட்டுகிறது. அவர் அதைத் தடுக்கவில்லை. தடுக்க முயன்றவர்களையும் எதிர்த்தார்.

1866 பெப்ரவரி 7ஆம் திகதி, பிரெடரிக் டக்ளஸ் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்கள் குழு ஜனாதிபதியைச் சந்தித்தது. டக்ளஸ் அடிமையாகப் பிறந்தவர், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர். யோசித்துப் பாருங்கள், ஓடிப்போன இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். எங்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றார்கள். ஜோன்சன் நீண்ட நேரம் பேசினார். ஏழை வெள்ளையருக்கும் உங்களுக்கும் பகை இருக்கிறது, வாக்குக் கொடுத்தால் இனப்போர் வரும் என்றார். வேறிடம் போய்க் குடியேறுவது நல்லது என்பது போலவும் சொன்னார். பதில் பேச அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

குழுவினர் வெளியே வந்து பதிலைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பகை தானாக வந்ததில்லை, இரண்டு ஏழைகளையும் மோதவிட்டு இருவரையும் அடக்கி ஆண்டது அடிமை முதலாளிமார்தான், அடிமை முறை போனால் பகைக்கான காரணமும் போகும் என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். ஜோன்சன் வாழ்நாள் முழுவதும் முதலாளிமாரைத் திட்டியவர். ஆனால் அந்த முதலாளிமார் மூட்டிவிட்ட பகையை மட்டும் தன் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார்.

சட்டம் எழுதியவர்கள்

அமெரிக்கப் பாராளுமன்றத்தை கொங்கிரஸ் என்பார்கள். அதிலிருந்த பெரும்பான்மையினர் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்டில் பிறந்தவர் எல்லோரும், எந்த நிறமானாலும், பிரஜைகள், சட்டத்தின் முன் சமமான உரிமை உண்டு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஜோன்சன் வீட்டோ என்னும் மறுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார். 1866 ஏப்ரலில், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த மறுப்பையும் மீறி கொங்கிரஸ் அதை நிறைவேற்றியது. முக்கியமான சட்டம் ஒன்று இப்படி நிறைவேறியது அந்த நாட்டு வரலாற்றில் அதுவே முதல் தடவை. ஜோன்சன் காலத்தில் மொத்தம் பதினைந்து தடவை அவருடைய மறுப்பு இப்படி மீறப்பட்டது.

அதே வருடம் மே மாதம் மெம்பிஸ் நகரத்தில் கும்பல்கள் கறுப்பினக் குடியிருப்புகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தி 46 பேரைக் கொன்றன. ஜூலையில் நியூ ஓர்லியன்சில் இன்னொரு படுகொலை. சட்டம் மட்டும் போதாது, அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்று முடிவானது. அப்படி எழுதப்பட்டதுதான் பதினான்காவது திருத்தம். ஜோன்சன் அதையும் எதிர்த்தார். எதிர்ப்பை மீறி 1868 ஜூலையில் அது நிறைவேறியது. பிரஜாவுரிமை என்ற சொல்லின் கனம் என்ன என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஜனாதிபதிக்கும் கொங்கிரசுக்கும் மோதல் முற்றியது. தனக்குப் பிடிக்காத போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை, சட்டத்துக்கு மாறாக, ஜோன்சன் 1868 பெப்ரவரியில் நீக்கினார். பிரதிநிதிகள் சபை 126க்கு 47 என்ற வாக்கில் அவர் மேல் குற்றப் பிரேரணை நிறைவேற்றியது. ஓர் அமெரிக்க ஜனாதிபதி மேல் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை. செனட் சபை விசாரித்தது. நீக்குவதற்கு 36 வாக்கு தேவை. மே 16ஆம் திகதி எண்ணிப் பார்த்தால் 35. ஒரே ஒரு வாக்கால் ஜோன்சன் பதவியில் தப்பினார். ஆனால் அவருடைய பலம் போய்விட்டது. 1869 மார்ச்சில் பதவிக் காலம் முடிந்து ஊர் திரும்பினார்.

விடாப்பிடி மட்டும் போகவில்லை. தோற்றுத் தோற்றுப் போட்டியிட்டு 1875இல் மறுபடியும் செனட்டரானார். தன்னை விசாரித்த அதே சபைக்குள் நிமிர்ந்து நடந்து போனார். சில மாதங்களில், ஜூலை 31ஆம் திகதி பாரிசவாதத்தால் இறந்தார். நாட்டின் கொடியைச் சுற்றி, தலைக்குக் கீழே அரசியலமைப்பின் பிரதி ஒன்றை வைத்து, கிரீன்வில்லில் அடக்கம் செய்தார்கள். அவருடைய சிறிய தையற்கடை அங்கே இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெரியோர்களே, இந்தக் கதையை நாம் எதற்காகச் சொன்னோம்? ஜோன்சனைத் திட்டுவதற்காக இல்லை. அவருடைய உழைப்பு உண்மை. துணிச்சல் உண்மை. பட்ட கஷ்டமும் உண்மை. ஆனால் நாம் என்று அவர் சொன்ன சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள்? அங்கேதான் தவறு. தன்னைப் போன்ற நிறத்தவன் மட்டும் உள்ளே, மற்ற ஏழை வெளியே. அதனால் பட்ட கஷ்டமெல்லாம் அவருக்குப் பாடமாகவில்லை, வெறும் பழைய கதையாகிவிட்டது.

ஆகவே ஒருவர் வாக்குக் கேட்டு வரும்போது, நானும் உங்களைப் போலக் கஷ்டப்பட்டவன்தான் என்று சொன்னால், நல்லது ஐயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், பதவி கையில் இருந்தபோது யாருக்காகக் கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் கேளுங்கள். எங்கிருந்து வந்தார் என்பது பாதிக் கதை. வந்த பிறகு யாரை நினைத்தார் என்பதுதான் மீதி.

இரண்டாவது, வாய்ப்பேச்சும் எழுத்தும் ஒன்றல்ல. எழுத்திலும் எல்லா எழுத்தும் ஒன்றல்ல. நாற்பது ஏக்கர் என்பது ஒரு தளபதியின் கட்டளை. இன்னொருவர் போட்ட உத்தரவில் அது கலைந்தது. பிரஜாவுரிமை அரசியலமைப்பில் ஏறியது. 1877க்குப் பிறகு தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்தார்கள், வாக்குரிமையை உண்மையில் மீட்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது. ஆனாலும் எழுதிய எழுத்து அழியாமல் கிடந்தது. 1898இல், சீனப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வொங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் அந்தத் திருத்தத்தைக் காட்டித்தான் தன் பிரஜாவுரிமையை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1954இல், பள்ளிக்கூடங்களில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது தவறென்ற தீர்ப்பும் அதை வைத்தே வந்தது. ஒரு வாக்குறுதி கிடைத்தால் அது எந்தப் பத்திரத்தில் இருக்கிறது, அதை யாரால் கலைக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எடிஸ்டோ தீவு மக்கள். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே குற்றமாக வைத்திருந்த ஊரில், விடுதலை கிடைத்து அதிக காலம் ஆகுமுன்பே அவர்கள் ஜனாதிபதிக்கு மனு எழுதினார்கள். காணி கிடைக்கவில்லைதான். ஆனால் அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் அங்கே நடந்த அநியாயம் இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்காது. பிள்ளைகளின் படிப்பு வேலை தேடுவதற்கு மட்டுமில்லை. நம் குறையை நம் வாக்கியத்தில், நம் கையெழுத்தில் எழுதி வைப்பதற்கும்தான்.

மாலை வகுப்புப் பிள்ளைகளே, அன்ட்ரூ ஜோன்சனின் விடாமுயற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டே கற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் ஆசிரியராக, கிராம அலுவலராக, பாராளுமன்ற உறுப்பினராக வரலாம். வரத்தான் வேண்டும். அப்போது உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு பத்திரத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அவர் உங்கள் தோட்டத்து ஆளாக இல்லாமல் இருக்கலாம், உங்கள் மொழி பேசாதவராகவும் இருக்கலாம். அவரை உட்காரச் சொல்லி, அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.